கதவைத் திறக்கும் முன் அரை மணி நேரம்

இதயநோய்ப் பிரிவு மருத்துவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை உங்கள் வெளிநோயாளர் பிரிவில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கையில் ஃபைலோடு வெளியே வந்த பையன் நடைவழியிலேயே உட்கார்ந்துவிட்டான். மிஞ்சிப்போனால் 22 வயது இருக்கும். தண்ணீர் கொடுக்கப் போன என்னிடம் அவன் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, எனக்கு இன்னும் எத்தனை நாள்?"

எட்டு மாதம் முன்பு நானும் இதே கேள்வியோடுதான் வெளியே வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு 29 வயது. "இதயச் செயலிழப்பு" என்றீர்கள், "இஎஃப் 28 சதவீதம்" என்றீர்கள் (இதயம் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எவ்வளவை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது; அன்று எனக்குத் தெரியாது), மாத்திரைச் சீட்டை நீட்டினீர்கள். நான்கு நிமிடம்.

அந்தச் சொல்லை நாங்கள் எங்கே படித்திருக்கிறோம்? இறந்துபோனவர்களைப் பற்றிய செய்தியில். அன்று இரவு, படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடியை எண்ணினேன். கண் அசந்தால் நின்றுவிடுமோ என்று பயம். 28 இருக்கிறது, 72 போய்விட்டது என்று கணக்கு வேறு போட்டேன். விடியும்வரை எண்ணினேன். மறுநாளும் எண்ணினேன்.

நல்ல இதயம்கூட ஒரு துடிப்பில் தன்னிடம் உள்ள ரத்தம் முழுவதையும் வெளியே தள்ளாது, 55 முதல் 70 சதவீதம்தான் தள்ளும் என்று மூன்று வாரம் கழித்து எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்த பெண் சொன்னார், என் நெஞ்சில் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே. செயலிழப்பு என்றால் நின்றுபோவது இல்லை, இறைக்கும் வலு குறைவதுதான் என்று சொன்னவரும் அவரே. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு நான் மூன்று வாரம் காத்திருந்தேன்.

நான் கேட்பது இதுதான். இந்த நோயின் பெயரைச் சொல்லும் நாளில், வீட்டுக்கு அனுப்பும் முன், அரை மணி நேரம் எங்களோடு உட்கார்ந்து பேச ஒருவரை வையுங்கள். மருத்துவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் போதும். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது, உடனே கூப்பிட வேண்டும் என்று அவர் சொல்லட்டும். மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள், முதலில் தலைசுற்றலாம், பயந்துபோய் நிறுத்திவிடாதே என்று சொல்லட்டும்.

கையேடு கொடுத்தோமே என்பீர்கள். கொடுத்தீர்கள். அட்டையில் நரைத்த தலையோடு ஒரு தம்பதி பூங்காவில் நடக்கிறார்கள். உள்ளே, "கனமான பைகளைத் தூக்கப் பேரக்குழந்தைகளின் உதவியைக் கேளுங்கள்" என்று இருக்கிறது. கேட்கலாம்தான். அதற்கு முதலில் பிள்ளை பெற வேண்டுமே! நீங்கள் எழுதிக்கொடுத்த மருந்துகளில் ஒன்று கர்ப்ப காலத்தில் சாப்பிடவே கூடாதது. அதையும் நீங்கள் சொல்லவில்லை, மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பொடியெழுத்துத் தாள்தான் சொன்னது. கல்யாணமாகி ஒரு வருடமான பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லையா? பதிவு செய்யும் இடத்திலோ ஒவ்வொரு முறையும் "பேஷன்ட் வரலையா?" என்று என் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள். மூச்சு வாங்குகிறது என்று முதலில் போன இடத்தில், இந்த வயதில் இதயமாக இருக்காது என்று சொல்லி இரண்டு மாதம் இன்ஹேலர் கொடுத்தார்கள். அது உங்கள் தவறு இல்லை, ஆனாலும் ஆற்றாமை.

சரி, சண்டை போட எழுதவில்லை. சிகிச்சையில் நான் குறையே சொல்ல மாட்டேன். என் இஎஃப் இப்போது 41. ஒரே தலையணையில் படுக்கிறேன். அதற்கு மனமார்ந்த நன்றி. வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும், அவர்களில் நானும் ஒருத்திதானே.

அந்தப் பையன் வரும் செவ்வாய் மறுபடி வருகிறானாம். அவனுக்காவது அந்த அரை மணி நேரத்தை ஒதுக்கித் தாருங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி