போஸ் வெங்கட் பற்றி நண்பருக்கு ஒரு கடிதம்

பேராவூரணி,
ஐப்பசி மாதம்.

அன்புமிக்க நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம்; அங்கு வீட்டில் உள்ளோர் அனைவரின் நலமும் அறிய ஆவல். உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் வயிற்றுப் பேரன் தஞ்சாவூரில் விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பை முடித்துவிட்டு, முதலில் தொலைக்காட்சித் தொடரில் நடிப்பதாகவும், அந்த முகத்தை வைத்துக்கொண்டு பின்னர் படம் இயக்கப்போவதாகவும் சொல்கிறான் என்றும், அப்படி ஒரு வழி உண்மையிலேயே இருக்கிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். வழி இருக்கிறது. ஆனால் அவன் நினைப்பதுபோல் அது குறுக்கு வழி அன்று. இதற்கு எடுத்துக்காட்டாக வெகுதொலைவில் உள்ள எவரையும் நான் தேடப்போவதில்லை. நம் கல்லணைக் கால்வாய் போய் முடிகிற அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போய் நடிகராகி, பின்னர் இயக்குநராகவும் ஆன போஸ் வெங்கட்டின் கதையையே எழுதுகிறேன்.

அறந்தாங்கியை நீங்கள் டெல்டாவில் சேர்க்கமாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். வெண்ணாற்றுக் கரையில் பிறந்தவர்களுக்கு ஒரத்தநாட்டைத் தாண்டினாலே வறண்ட சீமைதான். ஆனால் 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்த்து வெட்டப்பட்ட அந்தக் கல்லணைக் கால்வாய், அதாவது புதாறு, எங்கள் ஊரைக் கடந்து அறந்தாங்கி வட்டத்துக்குள்ளும் போகிறது. தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர்களில் வளர்கிற பிள்ளைகளுக்குக் காத்திருப்பது என்பதைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை என்று நான் வகுப்பறையில் இருந்த காலத்திலேயே சொல்வதுண்டு. நீங்கள் அதைக் கேட்டுச் சிரிப்பீர்கள்.

அந்த ஊரிலிருந்து பதினேழு வயதில் நடிகராகும் ஆசையுடன் சென்னைக்குச் சென்றவர் போஸ் வெங்கட். வயிற்றுப்பாட்டுக்காக அங்கே ஆட்டோவும் ஓட்டியிருக்கிறார். 2002-இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய 'மெட்டி ஒலி' தொடரில் போஸ் என்ற பாத்திரம் கிடைத்தது. வெங்கட் என்ற பெயருக்கு முன்னால் அந்தப் பாத்திரத்தின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது; இன்றுவரை விலகவில்லை. ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனாக டெல்லி குமார் நடித்த அந்தத் தொடர் 2005 வரை ஓடியது. அது ஒளிபரப்பாகும் நேரத்தில் நம் தெருக்களில் ஆள் நடமாட்டமே இல்லாமல் போனது உங்களுக்கும் நினைவிருக்கும். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். சாப்பாடு கேட்டால் முறைப்பாள்.

பேரனுக்கு நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது தொடர் என்பது எப்படிப்பட்ட வேலை என்பதைத்தான். அரை மணி நேரத் தொடருக்கு விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட காட்சிகள் வேண்டும்; அதுவும் வாரத்தில் ஐந்து, ஆறு நாளும் வேண்டும். ஆகவே ஒரு வீடு படப்பிடிப்புக்குக் கிடைத்துவிட்டால், அந்த வீட்டில் நடக்கிற பல எபிசோடுகளின் காட்சிகளை ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். காலையில் அழுதுவிட்டு, மதியம் அந்த அழுகைக்குக் காரணமான சண்டையைப் போட வேண்டியிருக்கும். காட்சியும் வசனமும் எழுதிய சீன் பேப்பர் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்துசேர்ந்த பிறகுதான் தனக்கு என்ன வசனம் என்பதே பல நடிகர்களுக்குத் தெரியவரும். உதவி இயக்குநர் ஓரமாக நின்று உரக்கப் படிக்க, அதைக் கேட்டு நடிகர் பேச, பின்னர் டப்பிங்கில் எல்லாவற்றையும் சரிசெய்துகொள்வார்கள். இந்த அவசரத்தில் நடிப்பு கெடும் என்பார்கள். பலருக்குக் கெட்டும் இருக்கிறது. ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருப்பவனுக்கு, கையில் இருக்கிற நேரத்தையும் வெளிச்சத்தையும் வைத்து ஒரு காட்சியை எப்படி முடிப்பது என்ற பாடம் சம்பளத்தோடு கிடைக்கிற இடம் அது.

அதிலும் 'மெட்டி ஒலி' ஒரு தனிப் பள்ளிக்கூடம். அதை இயக்கிய திருமுருகனே கோபி என்ற பாத்திரத்திலும் நடித்தார். அடுத்த ஆண்டு தொடங்கிய 'கோலங்கள்' தொடரை இயக்கிய திருச்செல்வமும் அதில் தொல்காப்பியனாக நடித்தார். நடிப்பவனும் நடத்துபவனும் ஒரே ஆளாக இருக்கக்கூடும் என்பதைத் தமிழ்ச் சின்னத்திரை அந்த ஆண்டுகளில் அன்றாட வழக்கமாகவே ஆக்கிவிட்டது. திருமுருகன் 2006-இல் 'எம் மகன்' மூலம் திரைப்பட இயக்குநராகவும் ஆனார். பேரன் மனத்தில் இருப்பது அநேகமாக இந்தக் கணக்குதான். ஆனால் போஸ் வெங்கட்டுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு விரைவாகக் கைகூடவில்லை.

அவர் 2003-இல் பாரதிராஜாவின் 'ஈர நிலம்' படத்தில் நடித்தார். பிறகு 'சிவாஜி', 'சிங்கம்', 'கோ', 'தீரன் அதிகாரம் ஒன்று' என்று பெரிய படங்களில் தொடர்ந்து வந்தார். நாயகனுக்குத் துணை நிற்கிற காவலர், நாயகனை எதிர்த்து நிற்கிற முரடர் என்று இரண்டாம் வரிசைப் பாத்திரங்களே பெரும்பாலும் அவருக்கு அமைந்தன. 'கோ' படத்தில் ஆயுதக் குழுத் தலைவராக வந்ததும், 'தீரன்' படத்தில் கார்த்தியுடன் வடநாடு வரை அலைகிற அதிகாரியாக வந்ததும் எனக்குப் பிடித்தவை. சின்னத்திரை முகத்துக்கு வெள்ளித்திரையில் முழு மதிப்புக் கிடைப்பதில்லை என்ற மனக்குறை அந்தத் தலைமுறை நடிகர்கள் பலருக்கும் இருந்தது. வீட்டுக்குள் தினமும் இலவசமாகப் பார்க்கிற ஒருவரைப் பார்க்க எதற்குச் சீட்டு வாங்க வேண்டும் என்பது படமெடுக்கும் முதலாளிகளின் கணக்கு. போஸ் வெங்கட்டின் மனைவி சோனியாவும் நடிகைதான். 1984-இல் வெளிவந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' மலையாளப் படத்தில் சிறுமியாக நடித்தவர் என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன்.

'மெட்டி ஒலி' தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2020 பிப்ரவரியில், அவர் இயக்கிய முதல் படமான 'கன்னி மாடம்' வெளியானது. சாதி மறுத்துக் காதலித்து ஊரைவிட்டு ஓடிவந்த இருவருக்குச் சென்னையில் ஓர் ஆட்டோ ஓட்டுநர் இடம் கொடுக்கிறார். விபத்தில் கணவனை இழந்து கர்ப்பிணியாக நிற்கிற அந்தப் பெண்ணை, எந்த எதிர்பார்ப்பும் இன்றி அவர் காப்பாற்றுகிறார். நான் இங்கே கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். தொடர்களில் கற்ற மாமியார் மருமகள் சண்டையையோ, பெரிய படங்களில் அணிந்த காக்கிச் சட்டையையோ அவர் தன் முதல் கதையாக எடுக்கவில்லை. தாம் ஓட்டிய ஆட்டோவையும், தம் பக்கத்து ஊர்களில் சாதி செய்கிற வேலையையும் எடுத்தார். கேமரா எங்கே வைப்பது என்பதைத் தொலைக்காட்சி கற்றுக்கொடுத்திருக்கலாம். எதைச் சொல்வது என்பது அதற்கு முன்பே அவரிடம் இருந்திருக்கிறது.

ஆனால் காலம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. படம் வந்த அடுத்த மாதமே கொரோனாவால் திரையரங்குகள் மூடப்பட்டன. அதே ஊரடங்கு நாள்களில் சன் தொலைக்காட்சி 'மெட்டி ஒலி'யை மீண்டும் ஒளிபரப்பியது. இயக்குநராகிவிட்ட ஒருவரைத் தமிழ்நாடு மறுபடியும் வீட்டுக்குள் உட்கார்ந்து பழைய போஸாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

இரண்டாவது படம் 2024 அக்டோபரில் வந்த 'சார்'. முதலில் அதற்கு 'மா.பொ.சி.' என்று பெயர் வைத்திருந்தார்கள், பின்னர் மாற்றினார்கள். வெற்றிமாறனின் கிராஸ் ரூட் நிறுவனம் வழங்கிய அந்தப் படத்தில், நம் மணப்பாறைப் பக்கத்து விமல் ஆசிரியராக நடித்தார். மாங்கொல்லை என்ற சிற்றூரில் மூன்று தலைமுறை ஆசிரியர்கள் ஒரு பள்ளிக்கூடத்தைக் காக்கப் போராடுகிற கதை. எனக்கு அதில் குறையும் உண்டு. சொல்ல வந்த கருத்தைப் பாத்திரங்கள் மேடையில் பேசுவதுபோல் பேசிவிடுகிற இடங்கள் சில இருக்கின்றன. அவர் திமுக மேடைகளில் பேசிப் பழகியவர் என்பதனால் வந்த குறையா, இடையில் சில நாள் பார்க்காமல் விட்டவருக்கும் புரியும்படி எல்லாவற்றையும் வாயால் சொல்லியே தீர வேண்டும் என்ற தொடர் வழக்கத்தின் மிச்சமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாவதுதான் என்று என் மனம் சொல்கிறது. ஆனால் ஓரமாக வந்து போகிற ஊர்க்காரர்களுக்குக்கூட ஒரு முகமும் ஒரு வேலையும் கொடுத்திருக்கிறார். நாயகனுக்குப் பின்னால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நின்ற ஒருவர் இயக்கினால், பின்னால் நிற்பவரை மறக்கமாட்டார் போலும். ஓட்டுக் கட்டடப் பள்ளியில் வேலை பார்த்த நம் இருவருக்கும் அந்தப் படம் கூடுதலாகத் தொடும், பார்க்கவில்லையென்றால் பாருங்கள்.

ஆகவே பேரனைத் தடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் நடிக்க வாய்ப்புத் தேடி அலைவதைவிட, ஏதாவது ஒரு தொடரில் உதவி இயக்குநராகச் சேர்ந்து, அந்தச் சீன் பேப்பரை உரக்கப் படிக்கிற வேலையை ஓராண்டு செய்யட்டும். நடிகரின் சங்கடமும் இயக்குநரின் அவசரமும் அங்கே ஒரே இடத்தில் தெரியும். அதற்கு முன், தனக்குத் தெரிந்த வாழ்க்கையிலிருந்து பத்துப் பக்கத்துக்கு ஒரு கதை எழுதச் சொல்லுங்கள். மாயவரத்தில் ஆற்று மணல் அள்ளுவதைப் பற்றி எழுதட்டும். உங்கள் வீட்டில் நிலம் விற்ற கதையைக்கூட எழுதட்டும், நீங்கள் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால். எழுதி முடித்ததும் தீபாவளி கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை இங்கே அனுப்பிவையுங்கள். படித்துப் பார்த்து, சிவப்பு மையால் திருத்தியே கொடுக்கிறேன்.

இங்கே சம்பா நடவு முடிந்துவிட்டது. முழங்கால் வலிக்கு நீங்கள் எழுதிய தைலம் கிடைக்கவில்லை; அவன் வரும்போது கொடுத்தனுப்புங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பேராவூரணி நண்பன்