பால் சொசைட்டி கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்: நோட்டீஸ் வேண்டாம், தராசை எடுத்து வைங்க

பிரசிடெண்டுக்கும் கமிட்டி மெம்பர்மாருக்கும் வணக்கமுங்க. நானும் உங்க சொசைட்டியில 11 வருஷமா பால் ஊத்துறவன்தான், அதனால வெளியாள் பேசுறான்னு நினைக்க வேண்டாம்.

பொதுக்குழுவுல எந்திரிச்சு "தராசு கம்மியா காட்டுது, சர்க்கார் சோதிச்சுப் போடுற முத்திரை தேதியும் முடிஞ்சு போச்சு"ன்னு சொன்னாங்களே எங்க பக்கத்து வீட்டு அக்கா, அவங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு. மானநஷ்டமாம், 10 லட்சமாம், 15 நாளுக்குள்ள மன்னிப்பு எழுதிக் குடுக்கலைன்னா கிரிமினல் கேஸும் வருமாம். இங்கிலீஷ்ல இருந்ததால என்னைப் படிக்கச் சொன்னாங்க. கட்டுத்தரையில மாட்டுக்கு தண்ணி காட்டிட்டு இருந்தவங்க ஈரக்கையை சேலையில தொடச்சுட்டு வந்து திண்ணையில உக்காந்தாங்க, முழுசா கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "நான் சொன்னது பொய்யின்னு இதுல எங்கயாச்சும் எழுதியிருக்கா தம்பி?" மறுபடி தேடிப் பாத்தேன். பேரு கெட்டுச்சு, அந்தஸ்து போச்சுன்னு ரெண்டு பக்கம் இருக்கு, தராசு சரியாத்தான் இருக்குன்னு ஒரு வரி இல்லீங்க.

அக்கா சும்மா வாய்க்கு வந்ததைப் பேசல. பலசரக்குக் கடையில முத்திரை குத்துன லிட்டர் படியை கேட்டு வாங்கிட்டு வந்து, கறந்த பாலை அரை மணி நேரம் வெச்சு நுரை அடங்குன பின்னாடிதான் அளந்தாங்க, 23 நாள், மகளோட பழைய கணக்கு நோட்டுல தேதி போட்டு. வீட்டுல 7 லிட்டர் 200, சொசைட்டி சீட்டுல 6 லிட்டர் 900, பக்கம் பக்கமா அதே கதைதான், ஒவ்வொரு சீட்டையும் பக்கத்துலயே ஒட்டி வெச்சிருக்காங்க. யாரு திருடுறாங்கன்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லல, அளந்ததைத்தான் சொன்னாங்க.

சட்டத்தைச் சொல்லி மிரட்டுறதால சட்டத்தையே பேசுவோம். 2024 ஜூலைல இருந்து அவதூறுக்கு புது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவோட 356வது பிரிவு, முன்னாடி இருந்த இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி) 499, 500தான் அது, வாயில சொன்னாலும் எழுதுனாலும் ஒண்ணுதான், ரெண்டு வருஷம் வரைக்கும் வெறுங்காவல் குடுக்கலாம். ஆனா அதே பிரிவுல முதல் விலக்கே என்ன? சொன்னது உண்மையா இருந்து, அதைச் சொல்றது பொதுநன்மைக்கு வேணும்னா அது அவதூறே இல்ல. நஷ்டஈடு கேக்குற சிவில் கேஸ்ல பொதுநன்மை கூட காட்ட வேண்டாம், உண்மைன்னு நிரூபிச்சாலே போதும். தன் நலனைக் காப்பாத்திக்க நல்லெண்ணத்தோட சொல்றதுக்கு ஒரு விலக்கு, மேலதிகாரிகிட்ட நல்லெண்ணத்தோட புகார் குடுக்குறதுக்கு ஒரு விலக்கு, அதுவும் தனித்தனியா இருக்கு. ஊரே பால் ஊத்துற தராசு பொதுநன்மை இல்லைன்னா வேற எது பொதுநன்மைங்க?

ஆட்டோ சங்கரோட சுயசரிதையை பத்திரிகையில போடுறது பத்தின வழக்குல 1994ல சுப்ரீம் கோர்ட் சொன்னது அரசு அதிகாரிகளைப் பத்தி, அவங்க உத்தியோக நடத்தையைப் பத்தி, உண்மையா இல்லையான்னு கவலையே படாம பொய்யா எழுதினாத்தான் நஷ்டஈடுன்னு. நீங்க சர்க்கார் அதிகாரி இல்ல, அதனால அதை அப்படியே தூக்கிட்டு வந்து உங்க மேல வைக்க மாட்டேன். 2016ல அதே சுப்ரீம் கோர்ட் கிரிமினல் அவதூறு சட்டம் செல்லும்னு சொன்னதும் தெரியும். உண்மைன்னு நிரூபிக்கிற பாரம் சொன்னவங்க மேலதான், அதனாலதான் அந்த நோட்டு.

நோட்டீஸ் வந்த அன்னிக்கு ராத்திரி அக்காவோட மாமியார் தூங்கல, போலீஸ் வந்து புடிச்சுட்டுப் போயிருவாங்களான்னு திரும்பத் திரும்பக் கேட்டுட்டே இருந்தாங்க. அவதூறுக்கு போலீஸ் நேரா கேஸ் எடுக்க முடியாது, நீங்கதான் மாஜிஸ்திரேட்கிட்ட புகார் குடுக்கணும், ஜாமீன் கிடைக்கிற குற்றம்தான்னு சொன்னேன். அப்பவும் பயம் போகல. உங்களுக்கு வேணுங்கிறது அந்த பயம்தான்னு நான் நினைக்கிறேன். ஜெயிக்கிற கேஸா இருந்தாலும் ரெண்டு மாடு வெச்சு பிழைக்கிறவங்க கறவையை விட்டுட்டு பாலக்காடு ஜில்லா சித்தூர் கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவா பஸ் ஏறணுமே, அதுவே தண்டனை. இந்த நோட்டீஸைப் பாத்துட்டு இன்னும் நாலு பேரு வாயை மூடிக்கிட்டாங்க, அவங்க சீட்டுலயும் இதே கதைதான்.

கேரளா எல்லையில மீனாட்சிபுரம் செக்போஸ்ட்ல தமிழ்நாட்டுல இருந்து வர்ற பால் லாரியை நிறுத்தி டெஸ்ட் பண்றாங்க, எந்த லாரிக்காரனும் என் பேரு கெட்டுச்சுன்னு கோர்ட்டுக்குப் போனதா நான் கேள்விப்படல. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒருக்கா லீகல் மெட்ராலஜிக்காரங்க, அதான் எடை அளவு சரிபாக்குற சர்க்கார் துறைக்காரங்க, சோதிச்சு முத்திரை போடணும்னு விதியே இருக்கு, அந்த சர்ட்டிபிகேட்டை சுவத்துல மாட்டிட்டா இந்தப் பேச்சே முடிஞ்சிரும். மடியில கனமில்லைன்னா வழியில பயமெதுக்கு?

அக்கா மன்னிப்புல கையெழுத்து போட மாட்டாங்க. பதில் நோட்டீஸ் வக்கீல் மூலமா வரும், அதுல அந்த 23 நாள் கணக்கும் இருக்கும். அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யலாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாரும் பால் ஊத்த வர்ற நேரத்துல தராசை வெளிய மேஜை மேல எடுத்து வைங்க. நாங்க லிட்டர் படியையும் நோட்டையும் எடுத்துட்டு வர்றோம்.