வீடு விற்கும்போது சொலிசிட்டர் கட்டணம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு தாயும் மகளும் எங்கள் சொலிசிட்டர் (சட்டத்தரணி) அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். லண்டனில் தங்கள் ஃபிளாட்டை விற்கப் போகிறார்கள். அம்மா கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். வேறொரு நிறுவனம் கொடுத்த கோட்டேஷன். மேலே தடித்த எழுத்தில் 495 பவுண். "உங்கள் தாளில் 1,050 என்று போட்டிருக்கிறதே தம்பி, ஏன் இரண்டு மடங்கு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. தாளைத் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. வீட்டுக்கடனை அடைத்துக் கொடுக்க 150, லீஸ்ஹோல்ட் (நீண்ட காலக் குத்தகையில் இருக்கும் வீடு) என்றால் 295, கோப்புத் திறக்க 75, கோப்பைப் பாதுகாத்து வைக்க 60, வங்கிப் பரிமாற்றத்துக்கு 45. மகள் கைபேசியில் ஒவ்வொன்றாகக் கூட்டினார். 1,120. அதன்மேல் 20 சதவீத வாட் வரி. மொத்தம் 1,344 பவுண். எங்களுடைய 1,050க்குள் கடனை அடைக்கும் வேலையும் லீஸ்ஹோல்ட் வேலையும் கோப்பு வேலையும் அடங்கிவிடும். வாட் சேர்த்தால் 1,260. லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் (நில உரிமைப் பதிவகம்) எடுக்கும் மூன்று பிரதிகளுக்கு 21, வங்கிப் பரிமாற்றம் வாட்டோடு 36, இருவரின் அடையாளச் சரிபார்ப்புக்கு 24. ஆக 1,341. அந்த நிறுவனத்தின் கணக்கில் லேண்ட் ரெஜிஸ்ட்ரி செலவு இன்னும் சேரவில்லை.

நாங்கள்தான் மலிவு என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. எங்களைவிடக் குறைவாக, நேர்மையாக வேலை செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். யாரிடம் போனாலும் மேலே தடித்த எழுத்தில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். "வாட், வெளிச்செலவு எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்? எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் நிறுவனங்கள் வீடு விற்கும் வேலைக்கான கட்டணத்தையும், அதில் எது அடங்கும் எது அடங்காது என்பதையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்ற விதி 2018 டிசம்பரிலிருந்தே இருக்கிறது. ஆகவே கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

விற்பவருக்குச் செலவு ஒப்பீட்டளவில் குறைவுதான். முத்திரை வரியும் உள்ளூராட்சித் தேடல்களும் (வீட்டைப் பற்றிக் கவுன்சிலிடம் கேட்டு வாங்கும் விவரங்கள்) வாங்குபவர் தலையில். உங்கள் பக்கத்தில் வேலை என்னவென்றால், உங்கள் உரிமையை நிரூபிப்பது, ஒப்பந்தம் எழுதுவது, வாங்குபவரின் சொலிசிட்டர் அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, கடைசி நாளில் வங்கிக் கடனை அடைத்து மீதியை உங்களிடம் சேர்ப்பது. இவற்றில் எங்கள் நேரத்தைத் தின்பது அந்தக் கேள்வி பதில்தான். தாமதம் வருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஃபிளாட் விற்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கட்டடத்தை நிர்வகிக்கும் ஏஜென்டிடமிருந்து ஒரு தகவல் கட்டு வாங்க வேண்டும். எல்.பி.இ.1 என்று சொல்வார்கள். பராமரிப்புக் கட்டணம், காப்புறுதி, வரப்போகும் பெரிய திருத்த வேலைகள் எல்லாம் அதில் இருக்கும். அதற்கான காசு எங்களுக்கு வருவதில்லை, ஏஜென்டுக்குப் போகிறது. சில இடங்களில் இருநூறு, சில இடங்களில் நானூறு, அதற்கு மேலும் கேட்கிறார்கள். காசைக் கட்டிய பிறகும் வாரக்கணக்கில் இழுத்தடிப்பவர்கள் உண்டு. வீட்டைச் சந்தையில் போடும் அன்றே ஏஜென்டைக் கூப்பிட்டு, விலை எவ்வளவு, எத்தனை நாள் எடுக்கும் என்று கேட்டு வையுங்கள். அந்த அம்மாவுக்கும் இதைத்தான் முதலில் சொன்னோம். மேலே போட்ட 1,341இல் இந்தக் காசு சேரவில்லை என்பதையும் அவருடைய தாளிலேயே எழுதிக் கொடுத்தோம்.

பிறகு, முதல்நாள் யாரும் நினைத்துப் பார்க்காத கூடுதல் செலவுகள். எங்கள் மக்களிடம் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பவை இவை.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு. ஒருவர் காலமாகிவிட்டார். இருவரும் கூட்டாக முழு உரிமை வைத்திருந்தால் மரணச் சான்றிதழ் போதும், வேலை இலகு. ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று பிரித்து எழுதியிருந்தால் லேண்ட் ரெஜிஸ்ட்ரிப் பதிவில் ஒரு கட்டுப்பாடு இருக்கும். மிஞ்சியவர் தனியாகக் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட இரண்டாவது அறங்காவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அதற்குத் தனிப் பத்திரம், தனிக் கட்டணம். துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இதைக் கடைசி வாரத்தில் சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. அதனால்தான் முதல் சந்திப்பிலேயே பதிவை எடுத்துப் பார்க்கிறோம்.

இன்னொன்று, உரிமையாளர்களில் ஒருவர் கனடாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பது. அவருடைய அடையாளத்தை அங்கே உரியவர் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். சில வேளைகளில் அட்டர்னிப் பத்திரமும் (அவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) தேவைப்படும். செலவைவிட நாட்கள்தான் அதிகம் போகும்.

வீட்டின் பின்பக்கம் கட்டிய அறை, கூரைக்கடியில் போட்ட லாஃப்ட் அறை, மாற்றிய ஜன்னல்கள். இவற்றின் சான்றிதழ் எங்கே என்று வாங்குபவர் கட்டாயம் கேட்பார். 2002 ஏப்ரலுக்குப் பிறகு மாற்றிய ஜன்னல் என்றால் ஃபென்சா (ஜன்னல் பொருத்துபவர்களுக்கான பதிவு அமைப்பு) சான்றிதழோ கவுன்சிலின் சான்றிதழோ இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பெரும்பாலும் ஒரு காப்புறுதி எடுத்துச் சமாளிக்கலாம். ஆனால் எங்களிடம் கேட்காமல் நீங்களாகவே கவுன்சிலுக்குப் போன் பண்ணி விசாரிக்காதீர்கள். விசாரித்துவிட்டால் அந்தக் காப்புறுதியே கிடைக்காமல் போகலாம்.

வாடகைக்கு விட்டிருந்த வீடு என்றால், விற்பனை முடிந்து 60 நாட்களுக்குள் மூலதன ஆதாய வரியைக் கணக்குக் காட்டிக் கட்ட வேண்டியிருக்கும். அது எங்கள் வேலை அல்ல. உங்கள் கணக்காளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அதேபோல், வீட்டுக்கடனை இடையில் அடைப்பதற்கு வங்கி தண்டம் கேட்குமா என்பதையும் வங்கியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் கட்டணத்தைப் போல் பல மடங்கு தண்டம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறோம். நிலையான வட்டிக் காலம் முடிய இரண்டே மாதம்தான் இருந்தது அவர்களுக்கு!

வீட்டை விற்றுத் தரும் எஸ்டேட் ஏஜென்ட் "எங்கள் சொலிசிட்டரையே எடுங்கள், வேலை வேகமாக நடக்கும்" என்று சொன்னால், அவருக்கு அதில் தரகு உண்டா என்று கேளுங்கள். அப்படித் தரகு கொடுக்கும் சொலிசிட்டர் அதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். தேர்வு உங்களுடையது. ஏஜென்ட் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

விற்பனை நடுவில் முறிந்தால் என்ன என்றும் பலர் கேட்கிறார்கள். எங்களிடம் அதுவரை செய்த வேலைக்கு மட்டும் கட்டணம், எப்படியும் முழுக் கட்டணத்தில் பாதியைத் தாண்டாது. லேண்ட் ரெஜிஸ்ட்ரிக்கும் கட்டடத்தை நிர்வகிக்கும் ஏஜென்டுக்கும் கட்டிய காசு திரும்பி வராது. "விற்பனை இல்லையேல் கட்டணம் இல்லை" என்று விளம்பரம் பார்த்தால், வெளிச்செலவுக்கும் அது பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டை விற்கும் எண்ணம் வந்தவுடனே, விலைபேச ஆள் வரும் முன்பே, உங்கள் பழைய கோப்பைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். வாங்கியபோது வந்த கடிதங்கள், லீஸ், சான்றிதழ்கள், காப்புறுதிப் பத்திரம், எது இருந்தாலும் சரி. அரை மணி நேரம் இருந்து பார்த்துத் தருவோம். அதற்குக் காசு இல்லை. அன்றே மொத்தக் கட்டணத்தை ஒரு தாளில் எழுதித் தருவோம். வழியில் புதிதாக ஏதாவது வந்தால், வேலையைத் தொடங்கும் முன் உங்களிடம் கேட்போம். விற்பனை முடியும் நாளில் கணக்கு அறிக்கை அனுப்புவோம். முதல்நாள் தாளையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பவுண் வித்தியாசம் இருந்தாலும் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சொலிசிட்டர் அலுவலகத்தார்