பண்பாட்டு ஆய்வு அறிமுக வகுப்பு: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். முதுகலை முதலாமாண்டு மாணவர்களுக்கான பண்பாட்டு ஆய்வு அறிமுக வகுப்பை, வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, கோட்பாட்டாளர்களின் பெயர்ப் பட்டியலோடு அல்லாமல் ஒரு திருமண அழைப்பிதழோடு தொடங்கலாம் என எண்ணுகிறேன். எவர் பெயருக்குப் பின் பட்டம் அச்சாகியிருக்கிறது, தாயின் பெயர் எந்த அளவு எழுத்தில் நிற்கிறது, சாதிப் பெயர் யாருடைய பெயரோடு ஒட்டியிருக்கிறது என்பதையெல்லாம் மாணவர்களே கண்டு சொல்லட்டும்.

1964இல் ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்டு ஹோகார்ட் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தற்காலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கியபோது, எளிய மக்களின் அன்றாட வாழ்வும் ஆய்வுக்குரியதே என்ற நம்பிக்கைதான் அதன் அடித்தளமாக இருந்தது. அவருக்குப் பின் அம்மையத்தை வழிநடத்தியவரும் ஜமைக்காவில் பிறந்தவருமான ஸ்டூவர்ட் ஹால், தொலைக்காட்சி சொல்வதைப் பார்ப்பவர் அப்படியே ஏற்கலாம், தம் நிலைக்கேற்பப் பாதி ஏற்றுப் பாதி மறுக்கலாம், முற்றிலும் எதிர்த்தும் வாசிக்கலாம் என்று 1973இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். மாணவர் கையில் முதலில் கொடுக்க வேண்டிய கருவி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஜெர்மானியச் சிந்தனையாளர்களான அடோர்னோ, ஹோர்க்ஹைமர் ஆகியோரை இரண்டாம் வகுப்புக்கு வைத்துக்கொள்வோம். திரைப்படம், வானொலி போன்றவை தொழிற்சாலைப் பொருள்களைப் போல் தயாராகி மக்களை இணங்கிப்போகச் செய்கின்றன எனும் 'பண்பாட்டுத் தொழில்' என்ற அவர்களுடைய கருத்தை முதல் நாளே முன்வைத்தால், மக்கள் வெறும் ஏமாளிகள் என்ற அவசர முடிவுக்கு மாணவர்கள் வந்துவிடுகிறார்கள்.

உறுப்பினர்கள் தத்தம் வீட்டிலுள்ள பழைய அழைப்பிதழ் ஒன்றைப் படமெடுத்து, பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை மறைத்து, எழுத்தின் அளவும் வரிசையும் மட்டும் தெரியுமாறு வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன். முழு அழைப்பிதழை வகுப்பில் நேரில் காட்டலாம்.