பரம்பில் மண் சுமந்தவர்களுக்கு

ஆதிச்சநல்லூர்ப் பரம்பில், அந்தச் சரளை மேட்டில், பழங்காலப் புதைகுழிகளைத் தோண்டிய அகழாய்வில் வேலை பார்த்த அக்காமார், அண்ணன்மார், தம்பிகள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் கருங்குளம் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்ந்த வாத்தியார். 2023 ஆகஸ்ட் 5 அன்று பரம்பிலேயே அருங்காட்சியகம் திறந்தபோது பெரியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லியாயிற்று. அது நியாயம்தான். ஆனால் 2021 அக்டோபரில் குழி போடத் தொடங்கியதிலிருந்து வெயிலில் குந்தியிருந்தது நீங்கள். உங்களுக்கு யாராவது எழுத வேண்டாமா?

ஒருநாள் வேலி ஓரமாக நின்று பார்த்தேன். ஓர் அக்கா, அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானையான தாழியின் வாய்ப்பக்கம் குனிந்து, மூங்கில் குச்சியால் மண்ணை நெகிழ்த்தி, பிரஷால் தள்ளி, சட்டியில் அள்ளினார். அரை மணி நேரத்தில் ஒரு சட்டிகூட நிறையவில்லை. "இப்படிப் பார்த்தா எப்போம்மா முடியும்?" என்று கேட்டேன். "அவசரப்பட்டா உள்ள இருக்குறவுகளுக்கு வலிக்கும் சார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் சொல்கிறேன். சின்ன வயதில் ஆடு மேய்க்கும் பையன்களோடு சேர்ந்து, மழையில் மண் கரைந்து தலைகாட்டும் தாழிகளைக் கல்லால் அடித்து விளையாடியவன் நான். உள்ளே பொன் இருக்கும் என்று ஒரு நினைப்பு. இருந்ததெல்லாம் ஓடும் எலும்பும். நாங்கள்தான் அப்படி என்றில்லை. ரோட்டுக்குச் சரளை வேண்டுமென்று வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தப் பரம்பை வெட்டியிருக்கிறார்கள்.

எடுத்ததும் ஊரில் தங்கவில்லை. 1876இல் வந்த ஜெர்மன்காரர் ஜாகோர் தமக்குக் கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அப்புறம் வெள்ளைக்காரன் காலத்துத் தொல்லியல் துறைக்காரர் அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் இரும்புச் சாமான்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 2004இல் தொல்லியல் துறை சத்தியமூர்த்தி ஐயா தலைமையில் தோண்டியபோது 160 தாழிகளுக்கு மேல் வெளிவந்தன. அவையும் சென்னைக்கு வண்டி ஏறின. 114 ஏக்கர் பரம்பு இங்கே கிடந்தது, உடைமரம் மண்டி. பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள், "எங்க சார் ஆதிச்சநல்லூர்?" என்று அதன்மேல் நின்றுகொண்டே கேட்பார்கள்.

இந்தத் தடவை குழியை மூடவில்லை. தாழியை இருந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டுவிட்டார்கள். அந்த யோசனை சொன்ன புண்ணியவானுக்கும், கோர்ட் வரைக்கும் போய் விடாமல் மல்லுக்கட்டிய எங்கள் பக்கத்து ஆட்களுக்கும், ஆட்டை வேறு பக்கம் ஓட்டிப்போகச் சம்மதித்த கீதாரிகளுக்கும் என் நன்றி. ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, எது எதோடு சேரும் என்று மணிக்கணக்கில் பொருத்திப் பார்த்த பெண்பிள்ளைகளே, உங்களுக்குத் தனியாக. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

போன மாதம் என் பெரியம்மாவைக் கூட்டிப்போனேன். எண்பதைத் தாண்டியவள். செருப்பைக் கழற்றினாள், ஆனால் கண்ணாடியில் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். "அவுக தலைமேல மிதிக்கச் சொல்லுதியா?" ஓரமாகவே நடந்து, குனிந்து, ஒவ்வொரு தாழியாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "வயக்காட்டுல ஒருத்தரையும் புதைக்கலியே, பாத்தியா?" உண்மை. கூப்பிடு தூரத்தில் தாமிரபரணி, நெல்லும் வாழையும் விளைகிற மண். அதைத் தொடாமல், உழவுக்கு ஆகாத இந்தச் சரளை மேட்டைத் தேடிப் போயிருக்கிறார்கள். இத்தனை வருஷம் பாடம் நடத்திய எனக்கு அது தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழுவத்தில் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணம் ஒன்று இருந்தது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அப்பா காலத்தில் பரம்பிலிருந்து எடுத்து வந்தது. மறுவாரம் அதைத் தேய்த்துக் கழுவி, துண்டில் சுற்றி எடுத்துப்போய் அங்கே வேலை பார்க்கும் தம்பியிடம் கொடுத்தேன். திட்டுவாரோ என்று பயம். இரண்டு கையாலும் வாங்கினார், விளிம்பைத் தடவிப் பார்த்தார். "ஒடையாம வச்சிருந்தீங்களே சார், அது போதும்" என்றார்.

கோழிகளுக்கு இப்போது பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
கருங்குளத்து வாத்தியார்