மாமியிடம் கொடுத்துவிடும் தட்டு

அன்பு மகளுக்கு,

றெக்கோர்ட் பிளேயர் வாங்கிவிட்டாய் என்று கேட்டதில் சரியான சந்தோஷம். என்னுடைய தட்டுகளில் எதை முதலில் அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். அம்மா ராஜாவின் பாட்டுகளை அனுப்பச் சொல்கிறா. அவை எங்கேயும் கிடைக்கும். நான் சோடம் என்ற ஜேர்மன் மெற்றல் குழுவின் 'ஏஜென்ட் ஒறேஞ்ச்' அனுப்புகிறேன். மாமி அடுத்த மாதம் ரொறொன்ரோ வருகிறா, அவவின் பெட்டியில் உடுப்புக்கு நடுவில் வைத்து விடுகிறேன். சின்ன வயதில் அட்டைப் படத்துக்குப் பயந்து நீ சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பாயே, அதேதான். அன்ட்ரெயாஸ் மார்ஷல் வரைந்தது. இப்போது வடிவாகப் பார்.

இது 1989 யூனில் வெளிவந்தது. நாங்கள் அப்போது ஜேர்மனியில் கெல்சன்கிர்சன் என்ற சுரங்க ஊரில் இருந்தோம், நீ பிறக்கவில்லை. ஊரே சோர்ந்து கிடந்த காலம். சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் எஸனில் சொல்ஃபெரைன் சுரங்கம் 1986இலேயே மூடியாகிவிட்டது. ஊரின் உதைபந்தாட்டக் கழகம் சால்க கூட இரண்டாம் பிரிவில் கிடந்து உருண்டது, அதைப் பற்றிக் கதைத்தால் கீழ்வீட்டுக் கிழவர் அழுதுவிடுவார். அவருடைய பேரன்தான் எனக்கு இந்த இசையைப் பழக்கியவன். பழக்கியவன் என்றால், அவன் வோல்யூமைக் கூட்டி வைப்பான், எங்கள் வீட்டு நிலம் அதிரும். ஒருநாள் என்ன இது என்று கேட்கப் போனேன், கசற் ஒன்றில் பதிந்து கையில் தந்துவிட்டான். தட்டைப் பிறகு சம்பளம் வந்ததும் வாங்கினேன்.

சோடம் அந்த ஊரின் பெடியள்தான். பாடி, பேஸ் கிற்றாரும் வாசிக்கும் டொம் ஏஞ்சல்ரிப்பர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். ஆரம்பத்தில் சாத்தான், பிசாசு என்று பாடினார்கள், வாசிப்பும் அந்தளவுக்குத்தான். 1987இல் 'பெர்சிக்யூஷன் மேனியா' வந்தபோது ஃபிராங் பிளாக்ஃபயர் என்ற கிற்றார்காரர் சேர்ந்திருந்தார். அதோடு ஆட்டமே மாறியது. பிசாசு போய் போர் வந்தது. பேர்லினில் மியூசிக்லாப் ஸ்ரூடியோ வைத்திருந்த ஹாரிஸ் ஜோன்ஸ்தான் தயாரிப்பாளர். எஸன் பெடியளின் குழு க்ரியேட்டரின் 'பிளெஷர் டு கில்' தட்டையும் 1986இல் செய்து கொடுத்தவர் அவர். அவர் கையில் போனால் சத்தம் சேறாகாது, அதேநேரம் பளபளப்பாகவும் ஆகாது. 'ஏஜென்ட் ஒறேஞ்சும்' அங்கேதான் பதிவானது. 1985இல் எங்கள் ஆட்கள் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து அகதிக்குப் பதிந்த அதே பேர்லின்.

சரி, தட்டுக்கு வருவோம்.

முதல் பாட்டுத்தான் தலைப்புப் பாட்டு. வியட்நாமில் அமெரிக்கா 1962 முதல் 1971 வரை விமானத்தில் இருந்து காடுகளுக்கும் வயல்களுக்கும் களைகொல்லி தெளித்தது. அவற்றில் கூடுதலாகத் தெளிக்கப்பட்டதுதான் ஏஜென்ட் ஒறேஞ்ச். பீப்பாவில் செம்மஞ்சள் பட்டி போட்டிருந்ததால் அந்தப் பெயர். அதில் கலந்திருந்த டயொக்சின் என்ற நஞ்சு பிறக்காத பிள்ளைகளையும் விடவில்லை. இதைப் பாட்டாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் சோகமாக ஒன்று வரும் என்று நினைப்பாய். இவர்கள் அழவில்லை. கிற்றார் முதலில் மெல்ல வந்து நிற்கிறது, பிறகு பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, நடுவில் திடீரென்று வேகம் இறங்கிக் கனக்கிறது. அந்த இறங்கும் இடம்தான் எனக்கு. ஓடிக்கொண்டிருந்தவனைப் பிடித்து நிறுத்தி, திரும்பிப் பார் என்று சொல்வது போல இருக்கும்.

இரண்டாவது 'டயர்ட் அண்ட் ரெட்'. பிளாக்ஃபயர் யார் என்று தெரிய வேண்டுமானால் இது போதும். நடுவில் சத்தமெல்லாம் அடங்கி, தனிக் கிற்றார் ஒன்று துப்புரவான ஒலியில் வரும். அம்மா சமைத்துக்கொண்டிருந்தவ, இந்த இடத்தில் மட்டும் எட்டிப் பார்த்து "இது நல்லா இருக்கு" என்றா. அடுத்த நிமிடம் மற்றவர்கள் திரும்பி வந்ததும் கதவைச் சாத்திவிட்டா.

மூன்றாவதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். ஊசியைத் தூக்கி நான்காவதில் வை. 'ரிமெம்பர் த ஃபாலன்'. இதில் ஓட்டம் இல்லை, நடை வேகம். இவர்கள் வாசிக்கும் த்ராஷ் மெற்றல் என்றால் வேகம்தான் என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். செத்த சிப்பாய்க்கான பாட்டு, ஆனால் கொடியும் இல்லை, வீரவணக்கமும் இல்லை. நம் ஆட்களுடைய போர்ப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. தட்டின் உறையிலும், உலகெங்கும் அர்த்தமில்லாத போர்களில் இறந்த சிப்பாய்களுக்கும் பொதுமக்களுக்கும் காணிக்கை என்றுதான் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரே வரியில். அந்த யூனில் யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவம் நின்றது, உன் அப்பப்பாவிடம் இருந்து கடிதம் வர மாதக் கணக்காகும். அந்த வரியை நான் சாதாரணமாக வாசித்துக் கடக்கவில்லை.

மறுபக்கம் 'மேஜிக் டிராகன்' என்று தொடங்கும். ஏதோ குழந்தைக் கதை என்று நினைத்துவிடாதே. பழைய டக்கோட்டா சரக்கு விமானத்தின் இடது பக்கத்தில் மூன்று இயந்திரத் துப்பாக்கி பூட்டி, இரவில் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிச் சுட வியட்நாமில் விட்டார்கள். குழந்தைப் பாட்டு ஒன்றில் வரும் டிராகனின் பெயரைச் சிப்பாய்கள் அதற்கு வைத்தார்கள். நான் ஊரில் கண்டது ஹெலி. வட்டமடித்துச் சுடுவது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இந்தப் பாட்டு மெல்ல ஊர்ந்து வந்து பிறகு வேகம் எடுப்பதைக் கேட்கும்போது, வியட்நாமையே காணாத பெடியள் இதை எங்கே பிடித்தார்கள் என்று யோசிப்பேன். பதில் எனக்குத் தெரியாது.

'அவுஸ்கெபொம்ப்ட்' இருப்பதிலேயே குட்டையானது, பங்க் மாதிரிப் பாயும். குண்டு விழுந்து வீடிழந்தவர்களை டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், அப்படித்தான் சொல்வார்கள். கீழ்வீட்டுக் கிழவருக்கு அது சொந்தக் கதை. இதை முழுக்க டொச்சிலும் பாடித் தனியாக வெளியிட்டார்கள், அதில் டி ஏர்ற்ற என்ற ஜேர்மன் பங்க் குழுவின் பேலா பே வந்து கூடப் பாடியிருப்பார்.

ட்ரம்ஸ் பற்றி ஒரு சொல். கிறிஸ் விச்ஹன்ரர். சில இடங்களில் அவர் முந்திக்கொண்டு ஓடுவார், மற்ற இருவரும் பின்னால் எட்டிப் பிடிப்பார்கள். இப்போதைய பதிவுகளில் அதை எல்லாம் கணினியில் இழுத்து நேராக்கிவிடுகிறார்கள். எனக்கு இந்த முந்தல்தான் பிடிக்கும், மூன்று மனிதர்கள் ஒரு அறையில் நிற்கிறார்கள் என்று தெரிகிறது. 2008இல் செத்துப்போனார், நாற்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான்.

இந்தத் தட்டு ஜேர்மன் விற்பனைப் பட்டியலில் 36ஆம் இடம் வரை போனது. இந்த நாட்டு த்ராஷ் குழு ஒன்றுக்கு அதற்கு முன் அது நடந்ததில்லை. கீழ்வீட்டுப் பெடியன் சால்க வென்ற மாதிரி படிக்கட்டில் நின்று கத்தினான்.

அந்த ஆண்டே பிளாக்ஃபயர் விலகி எஸன் பக்கம், க்ரியேட்டருக்குப் போனார். 1990இல் அவர்களோடு 'கோமா ஒஃப் சோல்ஸ்' வாசித்தார். அதையும் மாமியிடம் கொடுத்துவிடுகிறேன், ஆனால் இதை நன்றாகக் கேட்ட பிறகு போடு. சோடமுக்கு நட்டம் கூடவா, க்ரியேட்டருக்கு லாபம் கூடவா என்று கேட்டுவிட்டு எழுது. என் கட்சி எது என்று இப்போது சொல்ல மாட்டேன்.

அன்புடன்
அப்பா