மோட்டார் ஹோமின் இடது பின்சக்கர பிரேக் போல்ட்டை மறைத்து டேங்க் பொருத்தியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
மோட்டார் ஹோம் உரிமையாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
மோட்டார் ஹோம் கட்டுமானப் பிரிவு.

பொருள்: கழிவுநீர் டேங்கின் தாங்கியை இடம் மாற்றித் தரக் கோருதலும், உத்தரவாதம் மறுக்கப்பட்டதற்கு ஆட்சேபமும்.

ஐயா, வணக்கம்.

தங்கள் நிறுவனம் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வாங்கி, மேலே வீடு கட்டிக் கொடுத்த வண்டி என்னுடையது. உள்ளே கட்டில், அலமாரி, சமையல் மேடை எதிலும் குறையில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், குறை சொல்வதற்கென்றே எழுதுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். என் புகார் தரைக்குக் கீழே இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி அடிவாரத்துக்கு வந்தபோது பிரேக் தீய்ந்த வாடை. இடது பின்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை. வலது பின்சக்கரம் லேசான சூட்டோடு சரி. கேலிப்பர் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை பிரேக் பேட்களால் கவ்வும் பாகம்) பிடித்துக்கொண்டு விடவில்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. ஆறவிட்டு, மெதுவாக ஓட்டி ஊர் வந்து சேர்ந்ததும் நேராகத் தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில்தான் விட்டேன்.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை இரண்டு பெரிய போல்ட்கள் பிடித்திருக்கின்றன. இரண்டின் தலையும் சக்கரத்தின் உள்பக்கம், பின் அச்சின் ஹவுசிங்கைப் பார்த்தபடி இருக்கிறது. கீழ் போல்ட் தாராளமாகக் கைக்கு எட்டுகிறது. மேல் போல்ட்டுக்கு நேர் எதிரே, கழிவுநீர் டேங்கைத் தாங்க நீங்கள் வெல்டு செய்த ஆங்கிள் நிற்கிறது. சாக்கெட்டை மாட்டினால் அதன் பின்னால் ராடு போட ஆழம் இல்லை. ரிங் ஸ்பானர் மட்டும் சாய்வாக நுழைகிறது. உங்கள் ஆட்கள் பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பானரை அந்தச் சாய்விலேயே மாட்டி இழுத்தார்கள். போல்ட் அசையவில்லை, அதன் மூலைகள்தான் மழுங்கிப் போயின. அப்புறம் ஜாப் கார்டில் "போல்ட் ஜாம், டேங்க் இறக்க வேண்டும், கட்டணம் தனி" என்று எழுதி 18,500 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்தார்கள். ஜி.எஸ்.டி. வேறு. டேங்கை இறக்க வேண்டுமென்றால் சமையல் மேடையின் அடிப்பலகையையும் பிரிக்க வேண்டுமாம். பிரேக் பேட் மாற்ற அடுப்படியைப் பிரிக்கிற வண்டியை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் லாரி நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பட்டறைக்குப் போனேன். அந்த மேஸ்திரி முதலில் படுத்துப் பார்த்துவிட்டு, "சார், கேஸ் வெச்சு சூடு காட்டினா ஒரு நிமிஷ வேலை. ஆனா மேல பிளாஸ்டிக் டேங்க், பக்கத்துல பிரேக் ஹோஸ், அந்தாண்ட சமையல் சிலிண்டர் பெட்டி. நான் நெருப்பு வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற ஊரெல்லாம் முதலில் கையில் எடுப்பது நெருப்பைத்தான். உங்கள் அமைப்பில் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

அவர் செய்தது எளிமையான காரியம். உங்கள் சென்டரில் ஹவுசிங்குக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கியிருந்தார்கள். அப்படித் தூக்கினால் ஸ்பிரிங் பட்டை அமுங்கியே இருக்கும், மேல் போல்ட்டும் ஆங்கிளுக்கு நேராகவே நிற்கும். இவர் சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்து, ஹவுசிங்கைத் தொங்கவிட்டார். பட்டை விரிந்து அச்சு கீழே இறங்கியதும், போல்ட்டின் தலை ஆங்கிளுக்குக் கீழே இரண்டு விரற்கடை தள்ளி வெளியே தெரிந்தது. துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டார். காலையில் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு. மழுங்கிய 19 மி.மீ. தலையில் ஆறு மூலை 18 மி.மீ. சாக்கெட்டை அடித்தே ஏற்றினார். குட்டையான எல் ராடு போட்டு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி, பிறகு கழற்றும் பக்கம். நீளமான பைப் போட இடமில்லாததால் ராடின் நுனியில் சுத்தியல் அடி. 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு விட்டுக்கொடுத்தது.

கேலிப்பரைக் கம்பியால் சேஸிஸோடு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால், கேலிப்பர் வழுக்கி நகர வேண்டிய இரண்டு கைடு பின்னும் துருவில் உறைந்து போயிருந்தன. பிஸ்டன் பக்கத்துப் பேட் தகடு வரை தேய்ந்திருக்கிறது. வெளிப்பக்கத்துப் பேட் பாதிக்கு மேல் மிச்சம். டிஸ்க்கில் வரிவரியாகக் கீறல், அதன் மேலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்கும் கீழே போய்விட்டது.

இதற்குத் தாங்கள் மின்னஞ்சலில் சொன்ன பதில் மூன்று. கடற்கரை ஊர், துரு சகஜம். பிரேக் தேய்மானப் பொருள், உத்தரவாதத்தில் வராது. வெளியில் கழற்றியதால் இனி எதற்கும் உத்தரவாதம் இல்லை.

கடற்காற்று என்றால் வலது சக்கரத்துக்கும் அதே கடற்காற்றுதானே? அதே மேஸ்திரி வலதுபக்கத்தை அன்றைக்கே திறந்தார். சாதாரண சாக்கெட், ஒரு அழுத்து, வந்துவிட்டது. கைடு பின் இரண்டும் கிரீஸோடு வழுக்கிக்கொண்டு நகர்கின்றன. வலதுபக்கம் டேங்க் இல்லை. இடதுபக்கம் டேங்க் மட்டுமில்லை, அதன் நிரம்பி வழியும் குழாயும் நேராகக் கேலிப்பரின் மேல் முடிகிறது. வண்டிக்குள் வஞ்சிரம் உப்புப் போட்டுக் கழுவிய தண்ணீர், புளிக்குழம்புச் சட்டி கழுவிய தண்ணீர், சோப்பு நுரை என்று எல்லாம் அந்த பின்களின் மேல்தான் சொட்டியிருக்கிறது. இதைக் கடலின் தலையில் கட்டாதீர்கள். குழாயின் வாய், அதன் கீழே கேலிப்பரில் வழிந்த வெள்ளைக் கறை இரண்டும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து இணைத்திருக்கிறேன்.

தேய்மானம் பற்றி: பேட் தேய்வது இயல்புதான். ஒரு பக்கம் மட்டும் தகடு வரை தேய்வது கைடு பின் சிக்கியதால், அது சிக்கியது உங்கள் குழாயால். வெளியில் கழற்றியது பற்றி: உங்கள் சென்டர் போல்ட்டை மழுங்கடித்துவிட்டுக் கைவிட்ட பிறகுதான் வெளியே போனேன், ஜாப் கார்டில் தேதியோடு இருக்கிறது. சேஸிஸ் நிறுவனத்தைக் கேளுங்கள் என்று உங்கள் ஆள் போனில் சொன்னார். சேஸிஸ் வந்தபடியே இருந்தால் அந்த இடம் வெட்டவெளி. ஆங்கிள் உங்களுடையது.

இதையெல்லாம் விட எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. கழற்றுவதற்காவது சுத்தியல் இருக்கிறது. திருப்பி முறுக்குவதற்கு? இந்த போல்ட்டை டார்க் ரென்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து, சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். அந்த இடைவெளியில் டார்க் ரென்ச்சின் தலையே நுழையாது, நுழைந்தாலும் கைப்பிடி திரும்ப வழியில்லை. புது போல்ட் போட்டு மேஸ்திரி கை அனுபவத்தில்தான் இறுக்கியிருக்கிறார். அவரே, "இதை நம்பி மலை ஏறாதீங்க சார், டேங்கைத் தள்ளி வெச்சுட்டு அளவா முறுக்கணும்" என்றார். உங்கள் சென்டரில் இதுவரை இதே மாடலுக்குப் பின்சக்கர பிரேக் வேலை பார்த்திருந்தால், அவர்கள் எதை வைத்து முறுக்கினார்கள்? இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். பிராக்கெட் போல்ட் தளர்ந்தால் கேலிப்பர் சக்கரத்தோடு சுற்றப் பார்க்கும். உள்ளே என் மனைவியும் எண்பதைத் தாண்டிய மாமியாரும் உட்கார்ந்து வருகிறார்கள்.

ஆகவே டேங்கின் ஆங்கிளைத் தங்கள் செலவில் இடம் மாற்றி, வழியும் குழாயைச் சக்கரத்துக்கு அப்பால் திருப்பித் தர வேண்டும். அந்த வேலை முடிந்ததும் இரண்டு பின்சக்கரங்களின் நான்கு போல்ட்டையும் என் கண் முன்னால் டார்க் ரென்ச்சில் முறுக்கி, அளவை ஜாப் கார்டில் எழுத வேண்டும். இடது டிஸ்க், பேட், கைடு பின், போல்ட், பட்டறைக் கூலி எல்லாவற்றுக்கும் ரசீது இணைத்திருக்கிறேன், அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். இதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் எழுதி, இடது பின் கேலிப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கடைசி விஷயத்துக்கு என் பணம் தீரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு நான் அலைய வேண்டியதில்லை. வண்டியின் விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையமே போதும்.

உங்கள் பொறியாளர் நேரில் பார்க்க விரும்பினால் வரலாம். மழுங்கிய போல்ட், பழைய கைடு பின், டிஸ்க் எல்லாம் என்னிடமே இருக்கின்றன. வரும்போது டார்க் ரென்ச் ஒன்று எடுத்து வரச் சொல்லுங்கள். அதை அந்த இடத்தில் அவரே நுழைத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்.

இணைப்பு: ஜாப் கார்டு நகல், மதிப்பீடு, பட்டறை மற்றும் உதிரிபாக ரசீதுகள், புகைப்படங்கள், தங்கள் மின்னஞ்சல் நகல்.